யார் இழுத்த பிரேக்?

அந்தத் திங்கட்கிழமை காலை, கார் பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே அதன் கீச்சொலி நுழைந்துவிட்டது. மெக்கானிக் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். ‘நிதானம்’ என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். வீடு பற்றி எரிந்தாலும் எந்த மூலையில் பற்றியது என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் எடுப்பார் என்று கேலி செய்வார்கள். கூடவே வேலை பார்க்கும் அவருடைய மச்சான் நேர் எதிர். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுவான்.

காரை ஓட்டி வந்தவள் தையற்கடை நடத்துகிறவள். ஹேண்ட் பிரேக்கைக் கர்ர்ரென்று மேலே வரை இழுத்துவிட்டு இறங்கினாள். பின்சீட்டில் அவளுடைய மாமனார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஹேண்ட் பிரேக்கை இறக்கினாலும் கத்துதுண்ணே. திங்கக்கிழமை காலைல தெருவே எட்டிப் பாக்குது. பொண்ணை ஸ்கூல்ல விட மாமாதான் எடுத்துட்டுப் போவார். பிரேக்கை இறக்காமலே ஓட்டி ஓட்டித் தேச்சுட்டார்.” குரலைத் தாழ்த்தினாள், ஆனால் மாமனாருக்குக் கேட்காத அளவுக்கு இல்லை. “மறதி. ரெண்டு வாரமா சாவி என்கிட்டதான் இருக்கு. இப்படியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“வயசானா அப்படித்தான்க்கா!” என்றான் மச்சான். “பிரேக் கட்டை தேஞ்சிருக்கும். மாத்திடலாம்.”

“வாயை மாத்து முதல்ல” என்றார் நிதானம். பிறகு பெரியவர் பக்கம் குனிந்தார். “ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?”

“நான்தான் மறந்திருப்பேன் தம்பி. எனக்கு நினைவில்லை. நினைவில்லைங்கிறதுதானே மறதி.”

பார், அவரே ஒத்துக்கொள்கிறார் என்று மருமகளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தபோது ஒரு முக்கோண மரக்கட்டை கிடைத்தது. அதன் சரிவில் டயரின் வரிகள் அழுத்தமாகப் பதிந்திருந்தன. “இது எதுக்கும்மா?”

“மாமா சேத்து வைக்கிற குப்பை. தூக்கிப் போடுன்னா கேக்க மாட்டார்.”

“வண்டி பளபளன்னு இருக்கே. யார் கழுவுறது?”

“நான்தான்” என்றாள் பெருமையாக. “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சக்கரத்துக்குள்ள எல்லாம் பைப்பை விட்டு அடிச்சுட்டுத்தான் நிறுத்துவேன். திங்கக்கிழமைன்னா வண்டி புதுசாட்டம் போகணும்.”

நிதானம் பெரியவரைக் கை கொடுத்து இறக்கிவிட்டு, முன்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். வலது பின்சக்கரம் தட்டியதும் சத்தமில்லாமல் சுழன்றது. இடது சக்கரம் அரைச் சுற்று போய்க் கீச்சென்று நின்றது. இரண்டையும் கழற்றி, உள்ளே பிரேக் கட்டை அழுத்திப் பிடிக்கும் டிரம்களை வெளிச்சத்தில் வைத்தார். பிறகு மூவரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பிரேக்கைப் போட்டபடி ஓட்டினா ரெண்டு பக்கமும் சூடேறும். டிரம் கருநீலமாப் போகும், கட்டை தீஞ்சு நாறும். மச்சான், மோந்து பாரு.”

மச்சான் இரண்டையும் முகர்ந்தான். “ஒண்ணுமில்ல மாமா. கட்டை ரெண்டும் நல்லாவே இருக்கு” என்று இழுத்தான்.

“அப்ப யாரும் பிரேக்கோட ஓட்டலை. இப்ப இந்த இடது டிரம்மைப் பாருங்க.” உள்விளிம்பில் பிரேக் கட்டையின் வடிவத்திலேயே துரு அச்சு விழுந்திருந்தது. “ஈரத்தோட நின்ன வண்டி. ஈரத்துமேல கட்டை ராத்திரி பூரா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. பிரேக் ஒயரோட ரப்பர் உறை இந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு. தண்ணி உள்ள போய் ஒயரும் இறுகிடுச்சு. இறக்கினாலும் கட்டை முழுசா விலகறதில்லை. அதான் கத்துது.”

“ஈரத்தோட பிரேக் போட்டு நிறுத்தினது யாரு?” என்று அவசரமாகக் கேட்ட மச்சான், யாரென்று தானே புரிந்து தலையைக் குனிந்துகொண்டான்.

“ஐயாவா இருக்க முடியாது. அவர் நிறுத்தினா கியர்ல போட்டு, சக்கரத்துக்கு டிக்கில இருக்கிற அந்த மரக்கட்டையை வைப்பார். டிப்போ பழக்கம். கழுவின பஸ்ஸுக்கு அங்க ஹேண்ட் பிரேக் போட மாட்டாங்க. சரிதானுங்களே?”

“போட்டா ஒட்டிக்கும்” என்றார் பெரியவர், பாடம் ஒப்பிப்பதுபோல.

மருமகளுக்குக் காது மடல் சுட்டது. ஞாயிறு மாலை கழுவியது அவள், ஈரம் சொட்டச் சொட்டப் பிரேக்கை இழுத்தது அவள். மறுநாள் காலை கத்திய வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரே குற்றத்துக்காக, நாத்தனார் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் “மாமாவுக்குப் புத்தி பிசகிப்போச்சு” என்று சொல்லிச் சாவிக்குக் கை நீட்டியதும் அவள்தான். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்ததை நினைத்தபோது பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

நிதானம் துருவைத் தேய்த்தெடுத்தார். உறை கிழிந்த ஒயரை மாற்றினார். உலோகம் உரசும் இடங்களில் மட்டும், கட்டையில் படாமல், துளித்துளியாகக் கிரீஸ் வைத்தார். சக்கரத்தை மாட்டித் தட்டியதும் அது மூச்சுவிடாமல் சுழன்றது.

பெரியவர் சுழலும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். “அப்ப எனக்கு மறதி இல்லையா தம்பி?”

“இந்த விஷயத்துல துளிகூட இல்லைங்கய்யா.”

“நான் நம்பிட்டேன் தம்பி. வீட்டுல எல்லார் பேரையும் ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் படுக்கிறேன்.”

மருமகள் சாவியை அவர் கையில் வைத்தாள். “தப்பு என்னோடது மாமா. அன்னிக்கு யார் யார் முன்னாடி சொன்னேனோ, அத்தனை பேர்கிட்டயும் நானே சொல்லிடுறேன்.”

“அவங்ககிட்ட எல்லாம் எதுக்கும்மா” என்றார் அவர். “பேத்திகிட்ட மட்டும் சொல்லிடு. ரெண்டு வாரமா ஸ்கூலுக்கு நடந்து போறோம்ல. ரோடு தாண்டும்போது அவதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறா.”