வெட்டாத அட்டை

ஜெசிதா மழைக்கு ஒதுங்க வரவில்லை... சண்டைக்கு வந்தாள்.

"அண்ணை, இதை வெட்டினது ஆர்?"

அச்சகத்தின் வெட்டு மிசினுக்குப் பின்னால் நின்ற கேதீஸ்வரன் நிமிர்ந்தான். குருநகர்க் கடலையே இரண்டாய்ப் பங்கிட்டு வைத்த கண்கள் அவளுக்கு...

"நான்தான். ஏன்?"

"செபநாயகம் மாஸ்டரின்ரை பிரெஞ்சு வகுப்பு அட்டையள். கோட்டிலை வெட்டச் சொன்னால் புள்ளியிலை வெட்டியிருக்கிறியள்!"

"வாயிலை வாற மாதிரித்தானே வெட்டினனான். பார்... ல... ரோன்."

"புள்ளி வாய் பிரிக்கிற இடம். அந்தச் சொல்லு எங்கடை 'பேசுவோம்'தான். வாய் பே-சு-வோம் எண்டு பிரிக்கும். கோடு பொருள் பிரிக்கிற இடம், பேசு-வ்-ஓம்... என்ன செய்யிறது, எப்ப, ஆர் எண்டு மூண்டு துண்டு. சனிக்கிழமை சோதினை. பாஸ் பண்ணினால்தான் அங்கை இருக்கிற என்ரை சொந்த அண்ணை ஜெரிசன் என்னைப் பாரிசுக்குக் கூப்பிடுவார்."

கடைக்காரன் பிழையை ஒப்புக்கொண்டால் மழை வரும் என்பார்கள். அவன் ஒப்புக்கொண்டான். வெளியே தூறிய மழை தகரக்கூரை அதிரக் கொட்டியது.

"புதுசாய் அடிச்சு வெட்டித் தாறன். காசு வேண்டாம். ஆனால் 'அண்ணை' எண்டு கூப்பிடுறவைக்கு அந்தக் கழிவு இல்லை."

"அப்ப முழுக் காசையும் எடுங்கோ... அண்ணை!"

மூன்று பின்னேரம் வந்தாள். அவள் பென்சிலால் கோடு போட, அவன் வெட்டினான். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொன்னாள். 'ரெஸ்தரோன்' வந்தபோது மட்டும் குரல் இறங்கியது.

"நாங்கள் இருப்பம்... போகாமல்."

அவள் கழுத்தில் சிலுவை, அவன் நெற்றியில் திருநீறு. அதுகூடப் பெரிதில்லை. அவளோ பாரிசுக்குப் புறப்பட்ட வள்ளம்; அதை மறிக்கிறவன் நல்ல வியாபாரி இல்லையே! என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும், எப்போது என்றும் தெரியும்... 'ஆர்' என்ற துண்டை, அந்த 'நாங்களை'ச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமையும் மழை. அட்டைக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

"உந்த அட்டை ஒண்டு வெட்டேல்லையே? கோடு தெரியேல்லையோ?"

"வடிவாத் தெரிஞ்சது. மூண்டு தரம் கத்தியை இறக்கப் பார்த்தன்... ரெஸ்தரோனிலை மனம் வரேல்லை." விலை பேசும் குரல் எங்கோ போய்விட்டது. "போகாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஜெசிதா. நீங்கள் போனால் நான் தாங்கமாட்டன்... அது மட்டும் உண்மை."

மழை எப்போதோ விட்டிருந்தது. அவள் புறப்படவில்லை.

"சோதினை எழுதுவன். பாஸும் பண்ணுவன். பிறகு ஜெரிசன் அண்ணைக்கு வரமாட்டன் எண்டு நல்ல பிரெஞ்சிலையே சொல்லுவன்."

"எனக்கு?"

வெட்டாத அட்டையைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"உங்களை இனி அண்ணை எண்டு கூப்பிடமாட்டன்... கழிவைத் தாங்கோ."