விளிம்பில் வைத்த கல்

ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. தனகோட்டிதான் முதலில் பார்த்தார்.

மகள் மணிமொழி பார்க்கவில்லை. லேப்டாப் திரையில் ஓடுவதை அவள் கண்ணாலேயே மேய்ந்துவிடுவாள். அவரோ நாற்பது வயதுக்கு மேல் அவளுடைய பழைய பள்ளிப் புத்தகங்களை வைத்து எழுத்துக் கற்றவர், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத்தான் போவார். சித்திரை வெயில் சிமெண்ட் ஷீட்டைத் துளைத்து இறங்கி, அறையில் சூடான துணியும் வியர்வையும் லேப்டாப்பின் கருகல் வாசனையும் கலந்து நிற்க, அதன் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலுக்கும் அடியில், எங்கோ ஆழத்தில், உளி பாறையில் விழுவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

ஐந்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அதற்கு, பைத்தான் என்கிற கணினி மொழிக்கு லேப்டாப்புக்குள் ஒரு கன்டெய்னர் கட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். தவறினால் திங்கட்கிழமை முதல் அவர் வேலை செய்கிற குவாரியில் கல்லை நொறுக்கும் கிரஷரில் லாரிக்குச் சீட்டு எழுதப் போக வேண்டும், மேஸ்திரி சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் கல்தூள் இழுத்த நெஞ்சு அவருடையது. அவள் அந்தத் தூளுக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே இருமல் வந்தது.

கன்டெய்னர் என்றால் என்ன என்று காலையில் கேட்டிருந்தார். மூடின அறை மாதிரி நைனா, என்றாள். அந்த மொழிக்கு வேண்டியது மட்டும் உள்ளே இருக்கும். வெளியில் இருப்பது உள்ளே தெரியாது, உள்ளே நடப்பது வெளியே வராது. கெட்டுப்போனால் அப்படியே அழித்துவிட்டு வேறொன்று கட்டிக்கொள்ளலாம். அவருக்குக் குவாரிப் பள்ளம் ஞாபகம் வந்தது.

"இன்னா, ரெண்டு இருக்குது?" என்றார் இப்போது, திரையைத் தொட்டு.

குனிந்து பார்த்தாள். மேலே இருந்தது அவள் கட்டியது. நான்கு நிமிடமாக ஓடுகிறது. கீழே பெயரில்லாத ஒன்று. ஆறு வருடமாக ஓடுகிறது.

"இத நமக்கு வித்த பழைய ஓனர் விட்டுட்டுப் போயிருப்பான். ஆறு வருஷமாம். உன்ன மாதிரியே லீவே எடுக்கல பாரு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அதை நிறுத்தினாள், அழித்தாள். பட்டியலைத் திரும்பக் கேட்டபோது அதே இடத்தில் இருந்தது. அவள் கட்டியதுதான் நின்றுபோயிருந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி நின்றது. கீழே இருப்பது எல்லா இடத்தையும் தின்கிறது என்றாள்.

குவாரியில் ஒரு வழக்கம். பள்ளத்தில் இறங்குகிறவன் விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் எடுத்து வீசிவிடுவான். கல் மிச்சம் இருந்தால் வெடி வைக்கக் கூடாது. கல்லைப் பார்ப்பது தனகோட்டியின் வேலை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஒரு கல் மிச்சம் இருந்தது. பச்சைமுத்துவின் கல். பீடியை வாயில் வைத்துக்கொண்டே பீடியைத் தேடுகிறவன் அவன். எடுக்க மறந்திருப்பான் என்று தனகோட்டி நினைத்தார். லாரிகள் வரிசையில் நின்றன. உள்ளே யாரும் இல்லையே என்று வெடிக்காரர் கேட்டார். கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இல்லை என்றார். வெடி வெடித்தது.

பச்சைமுத்து பெங்களூர் பக்கம் போய்விட்டான் என்று ஊரில் பேச்சு. கல், தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்தது.

இப்போது லேப்டாப்புக்கு அடியில் இருந்தது. சூடு இறங்க நான்கு மூலைக்கும் கல் முட்டுக் கொடுத்திருந்தாள். மூன்று கல் தெருவில் பொறுக்கியது. நாலாவதை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

அந்தக் கன்டெய்னர் என்ன சொல்கிறது என்று அவள் திறந்து பார்த்தாள். ஒரே வரி. திரும்பத் திரும்ப அதே வரி.

"தமிழ்ல வருது, நைனா."

விரல் வைத்தார். இ. ரு. க். கே. ன்.

இருக்கேன். விளிம்பில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் பள்ளத்துக்குள்ளிருந்து வருகிற பதில்.

"எவனோ வெளாடுறான். உள்ள போய்ப் பாத்துட்டு வரேன்," என்றாள். முட்டுக்குப் பொறுக்கியதில் உயரம் பொருந்தாமல் ஒதுக்கிய ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தவள், இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதை மேசை விளிம்பில் வைத்தாள். விசைகளைத் தட்டினாள். ராஜகிரி மலையின் நிழல் எப்போதும்போல முன்னதாகவே தெருவில் இறங்கி வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. வெடிமருந்து வாசனை.

"காலியா இருக்குது." அவள் குரல் ஆழத்தில் பேசுவதுபோல் எதிரொலித்தது. "வெளிய வந்துட்டேன்."

விளிம்பில் கல் அப்படியே இருந்தது.

எடுக்க மறந்துவிட்டாள். அவளுக்கென்ன தெரியும் இந்த வழக்கமெல்லாம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா கட்டிடறேன். மணி நாலே முக்கா." விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள். "உள்ள யாரும் இல்லியே?"

ஏன் யாரும் என்று கேட்டாள்? வாய் திறந்தார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கல்லிலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து நிமிடம்தான் இருந்தது. திங்கட்கிழமை. கிரஷர். அவள் மூக்கில் வெள்ளையாகத் தூள்.

"இல்லம்மா."

அழுத்தினாள்.

தரைக்கு அடியில் ஒரு அதிர்வு. பாத்திரங்கள் ஒருமுறை குலுங்கின. ஷீட்டிலிருந்து வெள்ளையாகத் தூள் இறங்கியது. விசிறி நின்றது. உளிச்சத்தமும் நின்றது.

நாற்காலி. அதில் அவள் துப்பட்டா. அதன் மேல் கல்தூள்.

கதவில் உள்தாழ்ப்பாள். போட்டபடியே.

இரண்டு கையையும் வாயில் குவித்து, விளிம்பில் நின்று கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"மணிமொழி."

திரையில் பட்டியல். இரண்டு. ஆறு வருடம். ஒரு நிமிடம்.

கீழே ஒரு வரி வரத் தொடங்கியது. படிக்கக் கூடாது. விரல் தானாகப் போனது.

நை.

னா.

மீதியை உள்ளங்கையால் மூடினார். கண்ணாடி சில்லென்று இருந்தது. கைக்கு அடியில், உள்ளிருந்து தட்டுவதுபோல், எழுத்து ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது.