வெளுக்காத நீலம்

ஞாயிறு பூசை முடிந்து வந்து, காபி ஊற்ற எவர்சில்வர் டம்ளரை நிமிர்த்தியபோது, அதன் விளிம்பில் உதட்டளவுக்கு நீலம் ஒட்டியிருந்ததை ஆரோக்கியசெல்வி பார்த்தாள். கீழுதட்டின் வளைவு. நடுவில் சின்னதாக ஒரு பிளவு, வறண்டு வெடித்த உதட்டில் இருக்குமே, அது போல.

முந்தின நாள் அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தவள் அவள்தான். வீட்டில் இருப்பது அவளும் அவள் கணவன் ஜெயசீலனும் மட்டும். ஜெயசீலனின் தங்கை ஸ்டெல்லாவைப் பாகூர்க் கல்லறையில் வைத்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

செல்வி வேலை செய்வது வில்லியனூரில், மருந்து கலக்கும் கூடம் ஒன்றில். கடை மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் விழுங்க முடியாதவர்களுக்கும், டாக்டர் எழுதிய அளவில், ஆளுக்குத் தனியாகக் கையால் கலந்து கொடுப்பார்கள். மெத்திலீன் ப்ளூ வாய்மருந்து அவள் பொறுப்பு. கரும்பச்சைத் தூள், தண்ணீர் பட்டதும் நீலமாகிவிடும். புற்றுக்குக் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்து வாய் வெந்துபோனவர்கள் அதை ஐந்து நிமிடம் அடக்கித் துப்பினால் எரிச்சல் தணியும், இரண்டு கவளமாவது இறங்கும். அந்த நீலம் அவள் நகக்கண்ணிலும் வெள்ளைக் கோட்டின் கையிலும் எப்போதும் இருக்கும்.

டம்ளரில் இருந்ததும் தன் கைநீலம்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அதைக் கழுவவில்லை.

ஸ்டெல்லாவுக்குப் புற்று நாக்கில் வந்தது. முப்பத்துமூன்று கரண்ட். அதில் இருபதாவது முடிந்தபோது வாய் திறக்க முடியாமல் போனது. சேதராப்பட்டுக் கம்பெனி வேலைக்குச் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு ஜெயசீலன் அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். செல்வி வாராவாரம் மருந்துப் புட்டியைக் கைப்பையில் கொண்டுவருவாள். அதில் கொஞ்சம் புதினா எண்ணெய் சேர்ப்பாள். புட்டியைத் திறந்தால் அறை முழுக்கப் புதினா மணக்கும்.

"வாய தொற பாப்பா. ஒன் அண்ணி கையாலயே கலந்தது."

தினமும் அவன் சொல்வது இது. ஐந்து நிமிடம் கழித்து ஸ்டெல்லா துப்புவாள். அவன் வாயைத் துடைத்துவிடுவான். அப்புறம் அவளுக்குப் பேச்சு வரும்.

"அண்ணி வெக்கிற கொழம்பவிட இது நல்லாருக்குதுண்ணா."

அவன் சிரிப்பான். கட்டைவிரலால், நடுவில் வெடித்த அவள் உதட்டின் ஓரத்து நீலத்தைத் துடைத்துவிட்டு, கஞ்சியைக் கரண்டியில் ஊதி ஊதிக் கொடுப்பான். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் கைகட்டி நிற்கும் செல்வியை இரண்டு பேரும் பார்க்க மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கரு கலைந்து அதே கட்டிலில் அவள் கிடந்தபோது, ஒரு பிளாஸ்க் பாலைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனவன் அவன். ஊதிக் கொடுக்கத் தெரிந்தவன்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரே ஒரு வாரம் அந்தப் பேச்சும் சிரிப்பும் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். பேக்கரிச் சாமான் கடையில் கேக்குக்குப் போடும் நீலச் சாயம் வாங்கினாள். தண்ணீர், சாயம், புதினா. நிறம் அச்சு அசல் அதே நிறம்.

மூன்றாம் நாள், அடுத்த அறையிலிருந்து ஸ்டெல்லா போனில் அனுப்பினாள்: "அண்ணி, மருந்து வேற மாதிரி கீது. வலி நிக்கல."

"புது பவுடர். பழகிடும்" என்று செல்வி பதில் போட்டாள்.

அதற்குப்பின் ஸ்டெல்லா எதுவும் அனுப்பவில்லை. அண்ணன் மருந்தை ஊற்றும்போதெல்லாம் அவன் தோளுக்கு மேலாகக் கதவோரத்தை மட்டும் பார்த்தாள். தண்ணீரும் இறங்கவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல். எட்டாம் நாள் பெட்டி. உடம்பு தாங்கவில்லை என்றார்கள், எல்லாரும் தலையாட்டினார்கள். மிச்சமிருந்த புட்டியைச் செல்வி வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, காலிப் புட்டியைப் பேருந்து நிறுத்தத்துக் குப்பையில் போட்டாள்.

டம்ளரில் நீலம் கண்ட அந்த ஞாயிறு ஜெயசீலன் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தான். செல்வி இரண்டு சாசர் எடுத்தாள். ஒன்றில் கோட்டுக் கையின் கறையை நனைத்துப் பிழிந்தாள். மற்றதில் டம்ளர் விளிம்பைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். வைட்டமின் சி மாத்திரையை நுணுக்கி இரண்டிலும் தூவினாள். மெத்திலீன் ப்ளூ என்றால் அதில் வெளுத்துவிடும். கேக் சாயம் வெளுக்காது.

கோட்டுக் கறை மெல்ல மெல்ல வெளிறி, தண்ணீராகிவிட்டது.

இன்னொரு சாசரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தது, வெளியே மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைச் சுற்றிப் போனது, ஜன்னல் வெயில் தரையில் ஒரு சாண் நகர்ந்தது. நீலம் அப்படியே இருந்தது.

அந்த நீலத்தை வாயில் வைத்தவள் ஒருத்திதான்.

புதன்கிழமை துணி துவைக்கும்போது ஜெயசீலனின் சட்டைக் காலரில் இருந்தது. கழுத்து படும் இடத்தில். அதே வளைவு, அதே பிளவு. செல்விக்குப் பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பழைய எரிச்சல். போயும் விடவில்லையா இவள்.

"இது இன்னா?" என்று சட்டையை நீட்டினாள்.

"இன்னாது?" காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஒன் மருந்துதான். எங்கயாவது பட்டிருக்கும்."

"மத்தியானம்லாம் எங்க படுக்குற?"

"பாப்பா ரூம்புல. காத்து வருது அங்க." சட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "கடைசி வாரம் மருந்து கேக்கவே மாட்டுதுன்னு அழுதுச்சு, செல்வி. ஏன்னே தெரியல."

சொல்லிவிடலாம். அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். சொன்னால் இனி பார்க்கவே மாட்டான்.

"நோவு முத்திப்போச்சு" என்றாள்.

அன்று மாலையே நாக்கின் ஓரத்தில் முள் குத்தியது போல இருந்தது. வெள்ளியன்று கன்னத்தின் உள்பக்கம் முழுக்கக் கொப்புளம். காரம் வேண்டாம் என்று மோர்ச் சோறு பிசைந்தாள், அதுவும் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. வீட்டில் எங்கிருந்தோ புதினா வாசனை வந்துகொண்டே இருந்தது. சமையற்கட்டில் புதினா இல்லை. தலையணையைத் திருப்பினாள், அங்கே இருந்தது அந்த வளைவு. அவள் தலை வைக்கும் பக்கம்.

சனிக்கிழமை மருந்துக் கூடத்தில், எதிர் மேசையில் வேலை செய்யும் அஃப்ரின் அவளை உற்றுப் பார்த்தாள்.

"யக்கா, இன்னா, மருந்த ருசி பாத்தியா? ஒதடெல்லாம் நீலமா கீது."

செல்வி கழிவறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தாள். உதடு நடுவில் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் நீலம். தேய்த்தாள். சோப்பு. ஸ்பிரிட். கடைசியில் வைட்டமின் மாத்திரையை நுணுக்கி உதட்டில் அப்பிக்கொண்டு, எரிச்சலில் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

வெளுக்கவில்லை.

பாதி நாளிலேயே கிளம்பிவிட்டாள். கோட்டைக் கழற்றிக் கூடத்து லாக்கரில் மாட்டியது நன்றாக நினைவிருந்தது. பேருந்தில் டிக்கெட் கேட்க வாய் வரவில்லை. விரலால் காட்டினாள். வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் வாசற்படியில் கிடந்தது. ஜெயசீலன் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான். தோளைப் பிடித்தான். ஸ்டெல்லாவின் அறைக்குக் கூட்டிப் போனான். கட்டிலில் உட்காரவைத்தான். முதுகுக்குத் தலையணை வைத்தான்.

இத்தனை மென்மை. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் உதட்டில் பட்டு எரிந்தது.

கஞ்சி கொண்டுவந்தான். ஊதினான். அவளுக்காக ஊதினான். ஒரு கரண்டி. தொண்டையில் கண்ணாடித் துண்டு இறங்கியது போல இருந்தது. தலையை ஆட்டினாள்.

"இரு. மருந்து போட்டுக்கினா எறங்கும்."

ஜன்னல் மேடையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தான்.

அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய புட்டி. சாயம் கலந்த அந்த வாரத் தேதி. வாய்க்காலில் கவிழ்த்தது. குப்பையில் போட்டது. மூடி வரைக்கும் நிறைந்திருந்தது.

மூடி திறந்தது. புதினா.

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை. அவன் கையைத் தள்ளினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடியில் வைத்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். கதவோரத்திலிருந்து எத்தனை முறை பார்த்தது.

"பயப்படாத பாப்பா. வாய தொற. ஒன் அண்ணி கையாலயே கலந்தது."

வாய் திறந்தது. தானாக.

நீலம் உள்ளே இறங்கியது. வெறும் தண்ணீர். வலி நிற்கவில்லை. ஐந்து நிமிடம். அவன் கட்டைவிரலால் அவள் உதட்டோரத்தைத் துடைத்தான்.

அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

கதவோரத்தில், கைகட்டி, அவளுடைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். கோட்டின் கையில் கறை இல்லை. மூடிய உதட்டின் நடுவில் ஸ்டெல்லாவுக்கு இருந்த அதே பிளவு. அதில் மட்டும் நீலம்.