மீன் தொட்டியும் ஐந்தாவது ஏனும்

செவ்வாய்க்கிழமை காலை கண்ணப்பன் தன் புது ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றப் போன நேரத்தில், நிர்வாகப் பிரிவு தமிழ்வாணன் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"ரெண்டு மீனும் காலி சார். ரிசப்ஷன் தொட்டி மீன். நேத்து காலைல வந்து பாத்தா மல்லாந்து மெதக்குது."

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கண்ணப்பன் தரப் பிரிவின் மூத்த பொறியாளர். எந்த லைனில் பழுது வந்தாலும் காரணம் கண்டுபிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கையில் இருந்த கருவி ஒரே ஒரு சொல்: ஏன். ஐந்து முறை ஏன் என்று கேட்டால் பழுதின் வேர் தெரிந்துவிடும் என்பது தொழிற்சாலைகளில் பழகிப்போன முறைதான். கண்ணப்பன் அதோடு தன் பங்குக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார். ஓர் ஆளின் பெயரில் போய் நிற்கிற பதிலை ஏற்கவே மாட்டார். "ஆளைத் திட்டிட்டுப் போயிடலாம், கோளாறு அங்கேயே இருக்கும்" என்பார். பத்து வருஷமாக எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர். கொஞ்சம் பெருமைக்காரர்தான், மறைப்பானேன்.

"யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் தமிழ்வாணன். "ஹவுஸ்கீப்பிங் தங்கமாரி. தொட்டியைப் பாத்துக்கறதே அவதான். அடியில அலமாரிக்குள்ள பச்சையா பாசி இருக்குமே, அது வெள்ளையா வெளுத்துப்போய்க் கீது. பிளீச்சிங் பவுடர் கொட்டியிருக்கா. கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு ஐடி கார்டை வாங்கிகினு அனுப்பிடுவாங்க. நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா போதும்."

"பாசி ஏன் வெளுத்தது?"

"அதான் சொன்னேனே சார்."

"நீங்க சொன்னது ஒரு பேரு. நான் கேட்டது ஏன்."

பக்கத்து மேஜையில் இருந்த சத்யப்பிரியா அதற்குள் நோட்டும் பேனாவுமாக எழுந்து நின்றிருந்தாள். பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் கீறல் விழுந்த இரும்பையே பார்த்துச் சலித்திருந்தவளுக்கு, செத்த மீன் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

ரிசப்ஷனில் இருந்தது சின்ன உப்புநீர்த் தொட்டி. இனியவன் என்ற பொறியாளர் ஆசைப்பட்டு வைத்தது. அவன் புனேவுக்கு மாற்றலாகிப் போய் ஐந்து மாதம் ஆகிறது. தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இறங்கி, பச்சை நூல்பந்து போன்ற பாசிக்குள் புகுந்து, மறுபடி மேலே ஏறும். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் உரமாகக் கரையும். அந்த உரத்தைத் தின்றுதான் பாசி வளரும். வாரம் ஒரு பிடி பாசியைப் பிய்த்து எறிந்தால் உரமும் அதோடு வெளியே போய்விடும். இதைச் செய்யத் தங்கமாரிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் இனியவன் போனான்.

தங்கமாரி சுவரோரம் நின்றிருந்தாள். ஏர்வாடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. சுங்குவார்சத்திரத்தில் ஆறு பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறாள். கழுத்தில் கார்டு இன்னும் தொங்கியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேல போனாப் போகட்டும் சார். வெசம் வச்சவன்னு நேத்தே ரூம்ல பேச்சு வந்துருச்சு. சோத்துப் பானையத் தனியா எடுத்து வச்சுட்டாளுக."

கண்ணப்பன் தொட்டிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நத்தை எத்தனை இருக்கு, பாரும்மா."

சத்யப்பிரியா எண்ணினாள். "அஞ்சு சார். அஞ்சும் ஏறிக்கிட்டிருக்கு."

"பிளீச்சிங் விழுந்திருந்தா முதல்ல போறது நத்தைதான். அடுத்து அந்த நோட்டு."

அலமாரிக் கதவில் ஒரு நோட்டு தொங்கியது. திங்கள்தோறும் தண்ணீரைச் சிறு குழாயில் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்துத் தங்கமாரி எழுதிவைத்த அளவுகள். உருண்டை உருண்டையான கையெழுத்து. ஐந்து, ஐந்து, பத்து, இருபத்தைந்து, ஐம்பது.

"உரம் ஏறிக்கிட்டே வந்திருக்கு," என்றாள் சத்யப்பிரியா. "யாராவது எதையாவது கொட்டியிருந்தா ஒரே நாள்ல எகிறியிருக்கும். இது மூணு வாரமா ஏறுது. பாசி தின்றதை நிறுத்தியிருக்கு. அப்புறம் அதுவே அழுகி, தின்ன உரத்தையெல்லாம் தண்ணியிலேயே கக்கிடுச்சு. அழுகினா தண்ணியில இருக்கிற காத்தும் கொறையும், மீனுக்கு மூச்சு முட்டியிருக்கும்."

"நான் சொன்னேன் சார்," என்றாள் தங்கமாரி. "பாசி சாவுதுன்னு மூணு வாரத்துக்கு முந்தியே இந்த சார்ட்ட சொன்னேன்."

எல்லோரும் தமிழ்வாணனைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொன்னா, இல்லன்னு சொல்லல. பாசி போவுதுன்னா தொட்டி சுத்தமாவுதுன்னுதானே அர்த்தம்? நல்லதாப் போச்சும்மான்னு சொன்னேன்."

"எங்க அம்மா கடல்ல முங்கிப் பாசி எடுத்துத்தான் சார் எங்கள வளத்துச்சு," என்றாள் தங்கமாரி மெதுவாக. "பாசி போச்சுன்னா எங்களுக்கு அடுப்பு எரியாது. அது நல்லதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"உங்களுக்குப் பாசின்னா கழுவாத தண்ணித் தொட்டி. அவங்களுக்கு அது விளைச்சல்," என்றார் கண்ணப்பன். "கெடுக்க நினைச்சவங்க மூணு வாரம் முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போக மாட்டாங்க, தமிழ்வாணன்."

தமிழ்வாணன் முகம் சுருங்கியது. சத்யப்பிரியாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கண்ணப்பன் முழங்காலிட்டு அலமாரிக்குள் தலையை விட்டபோது, பக்கத்திலேயே குந்திக்கொண்டாள்.

உள்ளே பாசிக்கு மேலே சின்ன விளக்கு ஒன்று இருந்தது. அது ஒரு டைமரில் மாட்டியிருந்தது: இருபத்துநான்கு மணிக்கும் கோடு போட்ட, சுற்றுகிற வட்டு. மின்சாரம் இருந்தால் வட்டு சுற்றும், இல்லாவிட்டால் நின்றுவிடும். வட்டின் ஓரத்துப் பற்கள் இரவு எட்டு முதல் காலை ஆறு வரை அழுத்தப்பட்டிருந்தன; அந்த நேரம் மட்டும் விளக்கு எரியும்.

"பகல்ல மேல விளக்கு, ராத்திரி பாசிக்கு விளக்கு," என்றாள் சத்யப்பிரியா. "தங்கமாரி, இந்த விளக்கு எரிஞ்சு பாத்திருக்கீங்களா?"

"இல்லக்கா. அது தானா எரியும், நீ தொடாதன்னு இனியவன் சார் சொல்லிட்டாக. எனக்கு அஞ்சரைக்கு பஸ்சு."

"வட்டு நின்னுபோயிருக்கு சார். எட்டு பத்துல நிக்குது. ராத்திரி எட்டு பத்து." சத்யப்பிரியாவின் குரல் உயர்ந்தது. "பிளக் பாயின்ட் சுவிட்ச்சை யாரோ அணைச்சிருக்காங்க. விளக்கு எரிய ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம். தங்கமாரி அந்நேரம் இங்க இருக்கவே முடியாது. எட்டு மணிக்கு மேல இங்க யாரு வந்தாங்கன்னு பாத்தா ஆளு சிக்கிடும்."

கண்ணப்பன் அலமாரிக்குள்ளிருந்து தலையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. முழங்கால் வலி போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

"ரெண்டு மணிக்கு மீட்டிங் ரூமுக்கு எல்லாரும் வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சத்யப்பிரியா விடுவாளா? செக்யூரிட்டியிடம் கேட்டாள், எலக்ட்ரிகல் பிரிவுக்குப் போனாள். ஒரு மணிக்குத் திரும்பியவள் ஒரு தாளைக் கொண்டுவந்து கண்ணப்பனின் மேஜையில் கவிழ்த்து வைத்தாள். காலையில் இருந்த துள்ளல் போன இடம் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார் அவர், அதைப் புரட்டாமலே அவளிடம் திருப்பிக் கொடுத்து.

மீட்டிங் ரூமுக்குக் கண்ணாடிச் சுவர். வெளியே ஷிப்டு மாறும் நேரம். ஆட்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். வெள்ளைப் பலகையில் நேற்றே தமிழ்வாணன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'தங்கமாரி – பிளீச்சிங்'. கண்ணப்பன் ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்துவிட்டு, டஸ்டரை எடுத்துத் துடைத்தார். அழியாத மார்க்கர். அழுத்தி அழுத்தித் துடைத்தும் பெயர் மங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தார்.

மீன் ஏன் செத்தது? தண்ணீரில் உரம் கூடியது. உரம் ஏன் கூடியது? பாசி அழுகியது. பாசி ஏன் அழுகியது? வெளிச்சம் இல்லை. வெளிச்சம் ஏன் இல்லை? சுவிட்ச் அணைக்கப்பட்டது. ஐந்தாவது ஏனுக்கு வந்தபோது அவர் கை கொஞ்சம் தயங்கியது. சுவிட்ச் ஏன் அணைக்கப்பட்டது? 'அணைக்கக் கூடாது என்று லேபிள் ஒட்டவில்லை' என்று எழுதி மூடியைப் போட்டார்.

"ஆக, இது முறையில வந்த கோளாறு. யார் மேலயும் தப்பில்ல. நாளைக்கே லேபிள் ஒட்டிடலாம். தங்கமாரி வேலையைத் தொடரலாம்."

"அப்பாடா," என்றார் தமிழ்வாணன். சத்யப்பிரியா நிமிரவே இல்லை.

தங்கமாரி உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றிருந்தாள். பலகையை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாள்.

"அந்த சுவிச்சு தானா அணையல இல்ல சார்?"

நாலாவது வரியைக் கையால் காட்டினாள்.

"எம் பேருன்னா போர்டுல எழுதிட்டீக, எல்லாரும் படிச்சிட்டுப் போனாக. அணைச்சவுக பேருன்னா மட்டும் லேபிளா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கண்ணப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை. உட்காரலாமா என்று நாற்காலியைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

"சத்யப்பிரியா, அந்தத் தாளைப் படி."

"வேண்டாம் சார்."

அவரே ஃபிளாஸ்க்கை எடுத்து, அதில் ஒட்டியிருந்த காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். 'மின் சிக்கன மாதம் – முதல் பரிசு.'

"போன வெள்ளிக்கிழமை குடுத்தாங்க. மாசம் பூரா ராத்திரியில பிளான்ட்டைச் சுத்தி வந்தேன். அறுபத்து மூணு எடத்துல தேவையில்லாத விளக்கை அணைச்சேன். அந்தத் தாள்ல நாப்பத்தொண்ணாவது இந்த அலமாரி. 'ஆளில்லாத இடத்தில் வீணாக எரிகிறது'ன்னு என் கையால எழுதியிருக்கேன்." அவர் ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தார். "ஊருக்கெல்லாம் அஞ்சு ஏன் சொல்லிக்குடுக்கிறவன், ஒரே ஒரு ஏன் கேட்டிருந்தா போதும். இந்த விளக்கு ஏன் எரியுதுன்னு. கேக்கல."

தமிழ்வாணன் தரையைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு. காலைல அந்த வட்டைப் பாத்தப்பவே புரிஞ்சுபோச்சு. அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். இந்த நாலு மணி நேரமும் எப்படி எழுதினா என் பேரு வராதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். பெயர் எழுதக் கூடாதுன்னு நானே ஒரு சட்டம் வச்சிருக்கேனே, அது நல்லா உதவுச்சு. வெக்கமா இருக்கும்மா."

அவர் மார்க்கரைத் திறந்தார். தமிழ்வாணனுடையது, அழியாத மார்க்கர். லேபிள் வரியை அடித்துவிட்டு, 'கண்ணப்பன் கேட்கவில்லை' என்று எழுதினார். முகம் காது மடல் வரை சிவந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே லைன் ஆட்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

"ரூம்ல யாரு வந்து சொல்லுவாக?" என்றாள் தங்கமாரி.

"அஞ்சரை பஸ்ல நானும் வர்றேன்," என்றார் அவர். "நானே வந்து சொல்றேன்."

அவள் தலையசைத்தாள். பரவாயில்லை என்றோ, விடுங்க சார் என்றோ சொல்லவில்லை. சொல்லுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். எதிர்பார்த்ததற்கும் சேர்த்துக் கூசிப்போனார்.

ஐந்து மணிக்கு மீட்டிங் ரூமைக் கூட்டிப் பலகையைத் துடைப்பது தங்கமாரியின் வேலை. அன்றைக்கும் வந்தாள்; அவளோடு பஸ்ஸுக்குப் போகக் கண்ணப்பன் அங்கே காத்திருந்தார். தரையைக் கூட்டினாள். மேஜையைத் துடைத்து, மேலே இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பலகைக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். மேலே அவள் பெயர் மங்கலாக இருந்தது. கீழே அவர் பெயர் கறுப்பாக இருந்தது.

"இது டஸ்டருக்குப் போகாது சார்," என்றாள். "தண்ணிக்கும் போகாது. நானும் நேத்து துடைச்சுப் பாத்தேன்."

விளக்கை அணைக்கச் சுவிட்சில் கை வைத்தவள், திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அணைக்கட்டா சார்?"

கண்ணப்பன் கையிலிருந்த ஃபிளாஸ்க்கையே பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அவளே அணைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.