ஒற்றைத் தோட்டுக்கு ஜோடி

மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் ஸ்டாண்டில் மாட்டியிருந்த இரண்டு தோடுகளில் ஒன்றின் தொங்கல் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆடியது அக்காள் தங்கை இருவரில் பெரியவள் செய்தது.

பட்டறையில் அவளைத் தவிர யாருமில்லை. மழை இருட்டு ஜன்னலை அடைத்து நின்றது. பற்றவைத்த சூடும் ஆசிட் நெடியும் தேங்கிய அறையில், எங்கிருந்தோ ஈரமண் வாடையும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

அக்காள் தங்கை இருவருக்கும் பழங்காலத்து நகைகளைப் பார்த்துக் காதணி செய்வதுதான் தொழில். இந்தத் தோட்டுக்கு மாதிரியான பழைய தோடு ஒரு புதைகுழியில், ஒரு பெண்ணின் இடது காதோரம் ஒற்றையாகக் கிடைத்தது. ஒற்றையாகக் கிடைத்ததற்கு அச்சு அசலாக ஜோடி செய்வதில்லை. இரண்டாவதில் ஒரு மணியையாவது மாற்றிவிடுவது பட்டறை வழக்கம்.

"செத்தவளோட வலது காது காலியாவே இருந்துட்டுப் போகட்டும், அக்கா" என்பாள் தங்கை.

தங்கை செய்த இடது தோட்டைப் பார்த்த முதலாளியம்மா, வாயெல்லாம் பல்லாக, "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி! கண்காட்சிக்கு இதுதான் போகுது" என்றாள். பக்கத்தில் நின்ற பெரியவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சின்னவளுக்குப் பற்றவைக்கிற ஊதுகுழலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே! தங்கை வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து, வலது தோட்டை ஒரு மணி பிசகாமல் செய்து முடித்துவிட்டாள். எது யாருடையது என்று முதலாளியம்மா முழிக்கட்டும்.

கண்ணாடி முன் உட்கார்ந்து தங்கையின் தோட்டை இடது காதில் போட்டுத் திருகாணியை இறுக்கினாள். தன்னுடையதை எடுக்கக் கை நீட்டினாள்.

ஸ்டாண்டு காலி.

வலது காதோரம் கிறீச்சென்று ஒரு சத்தம். திருகாணி மரையில் ஏறுகிற சத்தம். அவளுடைய இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன.

"தங்கச்சி செஞ்சதைவிட இதுதான் நல்லாயிருக்கு."

காதுக்குள் சொன்னதுபோல் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் வயிறு குளிர்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாளும் ஏங்கினாள்.

பிறகுதான் பட்டறையில் வேறு யாருமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம். அதை ஒட்டி இன்னொரு கன்னம். மண் அப்பிய கன்னம். அதன் காதில் அவள் செய்த தோடு.

"அதையும் குடு."

கழுத்தைச் சுற்றி வந்தது ஒரு கை. ஈரமான விரல்கள். அவள் இடது காதைத் தடவின. தோட்டைப் பிடித்தன.

திருகாணியைத் தேடவில்லை. இழுத்தன.