அம்மாவுக்கு ஒரு வளையக் கையுறை

றஜனிக்குப் பிடித்த பொழுதுபோக்கு வளையம் பின்னுவது. காத்தான்குடியில் கம்பிவேலை செய்யும் முஹம்மட் நானா ஒதுக்கிப் போடும் துருப்பிடிக்காத கம்பித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவாள். ஆணியில் சுற்றுவாள். குறட்டால் நறுக்குவாள். குட்டிக் குட்டி வளையங்கள் உதிரும். ஒரு வளையத்துக்குள் நான்கு வளையங்களைக் கோத்துக்கொண்டே போனால், துணி போல மடங்கும் பின்னல் வரும்.

அந்தக் காலத்தில் அரசர்கள் இப்படிச் சட்டை போட்டுக்கொண்டு போருக்குப் போனார்களாம். றஜனி பின்னிக்கொண்டிருந்தது கோயில் பெருநாளுக்குக் கட்ட ஓர் இடுப்புப்பட்டி.

“எங்கட பூனைக்கும் ஒரு சட்டை பின்னுங்க அக்கா” என்றான் தம்பி ஜசிந்தன்.

“பூனை எந்தச் சண்டைக்குப் போகுது? அதான் நாட்டில சண்டை முடிஞ்சிட்டே!”

அன்று பள்ளிக்கூடம் இல்லை. நாவற்குடாவில், வாவிக்கரையில் அம்மா றோசம்மா வழக்கம்போல் சனத்துக்குக் கூலிக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் றஜனி. திடீரென்று பலகை சிவந்தது.

“அம்மா, கை!”

அம்மா குனிந்து பார்த்தார். இடக்கை விரலில் வெட்டு. “எனக்குத் தெரியவே இல்ல” என்றார்.

சுனாமியில் கடல் பொங்கி வந்த அன்று ஒரு கூரைத் தகரம் அம்மாவின் இடது மணிக்கட்டைக் கிழித்தது. காயம் ஆறியது. ஆனால் இரண்டு விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை.

“இனி நான் மீன் வெட்டல்ல” என்றார் அம்மா, விரலில் துணி சுற்றியபடி. “சனம் சாப்பிடுற மீனில என்ட ரத்தம் படலாமா?”

அன்று முழுக்க அம்மா கழுவிய கத்தியை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

றஜனி இடுப்புப்பட்டியை எடுத்தாள். வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“ஐயோ அக்கா! பெருநாளுக்கு?”

“நாடா கட்டுறன்.”

காயத்தைப் பார்ப்பதுபோல் அம்மாவின் கையை நூலால் அளந்துகொண்டாள். கையுறையைப் பின்னி முடித்ததும் ஜசிந்தன் விரலை நீட்டினான்.

“என்ட விரல்ல வெட்டிப் பாருங்க!”

“உன்ட விரல் வேணாம். கத்தரிக்காய் போதும்.”

கையுறைக்குள் கத்தரிக்காயை வைத்து வெட்டினாள். கத்தி முனை வளைய இடுக்கால் உள்ளே போய்விட்டது. கத்தரிக்காயில் காயம்!

றஜனிக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய ஆணி ஒன்றைத் தேடி எடுத்தாள். இன்னும் சின்ன வளையங்கள் செய்தாள். முதலில் இருந்து பின்னினாள்.

இந்த முறை கத்தரிக்காயில் ஒரு கீறலும் இல்லை.

அம்மா கையுறையை மாட்டி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாரமா இருக்கு மகள்.”

“கழட்டவா அம்மா?”

“வேணாம். இந்தக் கையில அந்த ரெண்டு விரலும் இருக்கெண்டு இப்பதான் எனக்குத் தெரியுது.”

மறுநாள் வாவிக்கரைக்கு, வழக்கமாக மீன் வெட்டுவிக்க வரும் உம்மு குல்தூம் ஒரு பெரிய கொடுவா மீனோடு வந்தார். பளபளத்த கையைக் கண்டு திகைத்தார்.

“கையில என்னகா அது, றோசம்மா?”

“என்ட மகள் பின்னினது.” அம்மா மீனை அழுத்திப் பிடித்துக் கத்தியை எடுத்தார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. செதிள் தெறிக்கும்!”