முனை வெட்டிய கயிறு

தோகுஜிக்கு வலது கட்டைவிரலின் அடிமூட்டு விடியும்போதே குத்த ஆரம்பித்துவிட்டது. நாடா இழுக்கிற கைக்கு மழைக்காலம் ஆகாது. அரக்குப் பூசிய இரும்புச் செதில்களில் ஓட்டை ஓட்டையாகப் பட்டு நாடாவை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, அடுத்த ஓட்டைக்குப் போகிற வேலை அவனுடையது. ஒரு மார்க்கவசம் முடிவதற்குள் விரல் யாரோ இரவல் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். கையை வெந்நீரில் முக்கி எடுத்தான். மிசோ சூப்பில் ஆறிய சோற்றைப் போட்டு நின்றபடியே குடித்துவிட்டு, வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைப் பட்டறையைத் திறந்தான்.

மரப்பெட்டியின் மேல் உட்கார்த்தி வைத்த கவசம் நேற்று இருந்தபடியே இருந்தது. கறுப்புச் செதில், நீல நாடா, கீழே தாடை வரைக்கும் இறங்கும் இரும்பு முகமூடி. தலைக்கவசத்தின் தாடைக் கயிறு மட்டும் கட்டியிருந்தது.

அவன் கட்டவில்லை. ஆள் போடாத தலைக்கவசத்துக்கு யாரும் கயிறு கட்டுவதில்லை. இரண்டு பக்கமும் தொங்கவிடுவார்கள். இங்கே முகமூடிக்குக் கீழே, கழுத்து இருக்கவேண்டிய வெற்றிடத்தில், இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சுக்கு வெளியே மிஞ்சியிருந்த முனை நகத்தளவுதான். மீதியை யாரோ நறுக்கியிருந்தார்கள்.

கோடை ஊர்வலத்தில் குதிரையேறும் அந்தக் கடற்கரை ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த முடிச்சுக்கு அர்த்தம் தெரியும். போர்க்காலத்தில் திரும்பி வரப்போவதில்லை என்று முடிவெடுத்தவன் கயிற்றைக் கட்டி முனையை வெட்டிவிட்டுக் கிளம்புவான். அவிழ்க்கப் பிடி இருக்கக்கூடாது என்பதற்காக.

தோகுஜி கத்தியை எடுத்து முடிச்சை அறுத்தான். கயிறு லேசான சூட்டோடு இருந்தது. கொட்டகையில் வெயில் விழுந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

அந்தக் கவசம் கட்சுஹிகோவுடையது. கோயிலில் இருந்த பழைய கவசத்தைப் பார்த்துச் செதில் செதிலாக நகலெடுத்து தோகுஜி செய்து கொடுத்தது. இரண்டு பேரும் கப்பல் பட்டறையில் ஒன்றாகத் தகடு அடித்தவர்கள். பட்டறையை மூடியபோது கட்சுஹிகோ மீன் டப்பா ஆலைக்குப் போனான், தோகுஜி கவசத்துக்கு வந்தான். போன கோடை ஊர்வலத்தில் குதிரை மிரண்டது. கீழே விழுந்த கட்சுஹிகோவின் தலைக்கவசக் கொம்பு சேணத்தின் கால்வளையத்தில் சிக்கிக்கொண்டது. குதிரை அவனை இழுத்துக்கொண்டு மைதானத்தின் கடைசி வரைக்கும் ஓடியது.

சணல் கயிறாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். அதற்காகத்தான் சணல் போடுவது. விழுந்தால் தலைக்கவசம் போகவேண்டும், கழுத்து போகக்கூடாது. தோகுஜி அந்த வருஷம் அவசரத்தில் நைலான் கயிற்றை உள்ளே வைத்து மேலே பட்டு சுற்றிவிட்டான். மழைக்கு நனையாது, சாயம் போகாது, பார்க்க வித்தியாசம் தெரியாது. படகு கட்டுகிற கயிறு. அது அறுகிற ஜாதி இல்லை.

முதலில் ஓடிப்போய் கயிற்றை அறுத்தவன் அவன்தான். ஊர் அதைத்தான் பார்த்தது. முதலுதவிக் கூடாரத்தில் எல்லோரும் உடம்பைச் சுற்றி நின்றபோது, மூலையில் உருண்டு கிடந்த தலைக்கவசத்திலிருந்து நைலானை உருவிவிட்டு, பையில் கிடந்த சணல் துண்டைக் கட்டி, அறுத்து வைத்ததை யாரும் பார்க்கவில்லை. துண்டு குட்டை. முடிச்சுப் போட்டால் முனை மிஞ்சவில்லை. போலீஸ்காரருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் அந்த முனையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கட்சுஹிகோ வேண்டுமென்றேதான் போயிருக்கிறான். அந்தக் கோடையில் அவன் யாரோடும் சரியாகப் பேசக்கூட இல்லையே.

பேசாததற்குக் காரணம் கடைவாய்ப் பல். அன்று காலை கயிற்றைக் கட்டிவிட்டதே தோகுஜிதான். "கொஞ்சம் லூசா விடுடா, தாடை வீங்கிக் கெடக்கு," என்றான் கட்சுஹிகோ. "சாயங்காலம் நண்டு திங்கணும். ஒரு பக்கத்துல மென்னாவது திங்கணும்."

இதை தோகுஜி யாரிடமும் சொல்லவில்லை. மழைப்பருவம் வருவதற்குள் ஊரிலிருந்த மற்ற தலைக்கவசங்களை எல்லாம் வாங்கிச் சும்மாவே சணல் மாற்றிக் கொடுத்தான். நல்ல மனுஷன் என்று ஊர் சொன்னது.

புதுச் சணலை அளந்து, முனை மார்பு வரைக்கும் தொங்கும்படி நீளமாகக் கோர்த்துவிட்டு நிமிர்ந்தபோது, ஊர்வலக் குழுத் தலைவர் உசுயி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். மீன் ஏலம் விடுகிறவர். சாதாரணப் பேச்சும் ஏலம் மாதிரிதான் இருக்கும்.

"என்னடா மூஞ்சி இது? என் பெட்டியில இருக்கற மீனு உன்னைவிடக் களையா இருக்கு."

"நேத்து நான் இல்லாதப்ப வந்தீங்களா? கயித்துல கை வெச்சீங்களா?"

"எனக்கு வேற பொழப்பில்ல பாரு. உன் கவசத்துக்குத் தாலாட்டுப் பாட வரேன்." தரையில் கிடந்த அறுந்த முடிச்சை அவர் காலால் புரட்டினார். குரல் இறங்கியது. "ஏன்டா இப்பிடிக் கட்டுன? அவன் பொண்டாட்டி ஃபுமியே பாத்தா தாங்குவாளா?"

"நான் கட்டல."

"ஆமா, கட்சுஹிகோ வந்து கட்டிட்டுப் போனான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "படுபாவி. பொண்டாட்டிய விட்டுட்டு அப்பிடிப் போக எப்பிடித்தான் மனசு வந்துச்சோ."

"அவன்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"குதிரைய நீதான் புடிச்சிட்டு வரணுமாம். ஃபுமியே கேட்டா. அவன் உசுரக் காப்பாத்த ஓடுனவன் நீதானே?"

செத்தவனுக்கு முதல் வருஷம் வெறுங்குதிரை விடுவார்கள். சேணத்தில் அவன் கவசத்தை உட்காரவைத்து ஊர்வலத்தின் கடைசியில் நடத்துவார்கள். தோகுஜி தலையாட்டினான். உசுயி போன பிறகு வீட்டுக்குள் போய் இரண்டு சோற்றுருண்டைகளைத் தின்றுவிட்டு வந்தான். அவ்வளவு நேரம்தான்.

கயிறு கட்டியிருந்தது. முனை நகத்தளவு. வெட்டின இடம் சீவினது மாதிரி சுத்தமாக இருந்தது. வெட்டிப்போட்ட மிச்சம் பெட்டிக்கடியில் இல்லை, தரையில் இல்லை, கொட்டகையில் எங்கேயும் இல்லை.

அதையும் அறுத்துப் போட்டான். அன்றிலிருந்து அவன் கயிறே போடவில்லை. வேறு வேலையில் குனிந்துகொண்டான். கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டே இருந்தது. வஜ்ரப் பசை காய்ச்சுகிற நாற்றமும் அரக்கின் புளித்த நெடியும் ஈரமும் கலந்து மூக்கில் அப்பிக்கொண்டன. அதற்கெல்லாம் அடியில் குதிரை வியர்வையும், மனுஷ வியர்வையும், கிராம்புத் தைலமும் மெல்ல ஏறி வந்தன. பல்வலிக்காரன் வாயில் அடிக்கும் கிராம்புத் தைலம். முதல் நாள் அவன் கதவைத் திறந்து வைத்தான். மறுநாள் மழையில் போய் நின்றான். மூன்றாம் நாள் மழை சட்டென்று விட்டபோது, அதுவரை மழையென்று நினைத்துக்கொண்டிருந்த சத்தம் விடவில்லை.

செதில் மேல் செதில் உரசும் சத்தம். கவசம் செய்கிறவன் காதுக்கு அது தப்பாது. மார்க்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒருவன் மூச்சை இழுத்தால் வரிசை விரியும், சரசரக்கும். விட்டால் ஒன்றின் மேல் ஒன்று இறங்கும், கிளுக்கென்னும். சரசர. கிளுக். சரசர. கிளுக். ஓடி வந்து நின்றவனுடைய மூச்சு.

அவன் திரும்பிப் பார்த்தான். நின்றுபோனது.

குனிந்தான். ஆரம்பித்தது.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஃபுமியே வந்தாள். நூடுல்ஸ் கடை வேலையிலிருந்து நேராக வந்தவள், உப்பில் போட்ட வெள்ளரிக்காயை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"விரல் எப்பிடிண்ணே இருக்கு?"

"இருக்கு. உள்ள வாம்மா."

அவள் கவசத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அதைப் பார்க்க விருப்பமில்லை போல. சத்தம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் மழையென்று இருக்கிறாளா, அவனுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்ணே. வருஷம் பூரா நாக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு." மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்குக் காலையில சண்டை. சோறு வேணாம், பல்லு வலிக்குதுன்னார். பல்லாவது வாயாவது, நாளைக்கு வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம செருப்ப மாட்டிட்டுப் போயிட்டார்." நிறுத்தினாள். "அதுக்குத்தான் அப்பிடிக் கட்டிக்கிட்டாரா? நீங்க கிட்ட இருந்தீங்கல்ல. எதாச்சும் சொன்னாரா?"

சத்தம் நின்றது.

மழை, பசைச் சட்டி, அடுப்பு, எல்லாமே நின்ற மாதிரி இருந்தது. அவள் தோளுக்கு மேலாக இரும்பு முகமூடி தெரிந்தது. அது எதுவும் செய்யவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. தோகுஜி வாயைத் திறந்தான். நண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொன்னால் லூசாக் கட்டச் சொன்னதைச் சொல்லவேண்டும். கட்டினது யார் என்று வரும். எந்தக் கயிறு என்று வரும். முனை ஏன் குட்டை என்று வரும். ஊர், போலீஸ், பட்டறை எல்லாம் அவன் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"குதிரை ஏறுறவன் மனசுல என்ன இருக்குன்னு," என்றான், "நமக்கு எப்பிடிம்மா தெரியும்."

அவள் மெல்லத் தலையாட்டினாள். எதிர்பார்த்த அடி விழுந்தவள் மாதிரி.

அவளுக்குப் பின்னால் செதில்கள் மூச்சு முட்டுகிறவன் நெஞ்சு மாதிரி வேகமாக அடித்துக்கொண்டன. இழுக்கிறது, வரவில்லை. இழுக்கிறது, வரவில்லை.

"எலியாண்ணே?"

"மழை," என்றான் தோகுஜி.

அவள் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். டப்பாவை அவன் தொடவில்லை. அன்று முழுக்க எச்சில் விழுங்கும்போதெல்லாம் குரல்வளைக்குக் குறுக்கே எதுவோ தடுத்தது. கண்ணாடியில் பார்த்தான். தாடைக்கடியில், காதிலிருந்து காது வரைக்கும், ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. தைலம் தடவினான். போகவில்லை.

மறுநாள் வானம் வெளுத்துவிட்டது. கண் கூசும் வெயில். வெறுங்குதிரைக்குக் கயிறில்லாத தலைக்கவசம் ஆகாது என்று உசுயி கத்தினார். கோயில் முற்றத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் தோகுஜி புதுச் சணல் கோர்த்தான். கட்டாமல், முனை இரண்டையும் இடுப்பு வரைக்கும் தொங்கவிட்டான். சேணத்தின் மரக்குறுக்கில் கவசத்தை நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். உள்ளே வெற்றிடம், வெறும் தகடும் நாடாவும்தான். ஆனாலும் குதிரை முதுகு ஓர் ஆள் ஏறின அளவுக்கு அமுங்கியது. குதிரை காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டது.

வெறுங்குதிரை கடக்கும்போது தெருவில் நிற்கிறவர்கள் தலை குனிய வேண்டும். குளம்புச் சத்தம் தாண்டிப் போகும் வரைக்கும் நிமிரக்கூடாது. மாடிச் சன்னல்களைச் சாத்திவிடுவார்கள். நிமிர்ந்து நடப்பது குதிரை பிடிக்கிறவன் ஒருவன்தான்.

சங்கு ஊதினார்கள். தோகுஜி குதிரையின் கயிற்றைப் பிடித்து நடந்தான். இரண்டு பக்கமும் தலைகள் வரிசையாகக் கவிழ்ந்தன. பிடரிகள், வழுக்கைகள், துணித் தொப்பிகள். முகம் ஒன்றுகூட இல்லை. குளம்புச் சத்தத்துக்கு நடுவே, மேலே, சரசர, கிளுக். அவன் மேலே பார்க்கவில்லை.

நூடுல்ஸ் கடை வாசலில் ஃபுமியே கறுப்பு உடையில் குனிந்து நின்றாள்.

குதிரை நின்றது.

அவன் இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். நட்டு வைத்த மாதிரி நின்றது. தெரு முழுக்க மூச்சுச் சத்தம் மட்டும். அவன் மேலே பார்த்தான்.

இடுப்பு வரைக்கும் தொங்கவிட்ட கயிறு இல்லை. முகமூடிக்குக் கீழே முடிச்சு. நகத்தளவு முனை.

முகமூடி அவன் பக்கம் திரும்பியிருந்தது.

வலது கைக்கவசம் எழுந்தது. வெறும் துணிக்குழாய், மேலே இரும்புப் பட்டை, நுனியில் புறங்கைத் தகடு. அதற்கு விரல்கள் கிடையாது. தகடு தாடைக்கடியில் போய் முடிச்சைத் தேடியது. சுரண்டியது. நழுவியது. பிடிக்க முனை இல்லை. மறுபடி சுரண்டியது. முகமூடி மேல்நோக்கி அண்ணாந்து, காற்றுக்கு ஏங்குகிறவன் மாதிரி, பிறகு மெல்லக் கீழே இறங்கி, அவனையே பார்த்தது.

ஊர் குனிந்தே நின்றது. குளம்பு நகராமல் யாரும் நிமிர மாட்டார்கள். கை தொடும் தூரத்தில் ஃபுமியேவின் பிடரி வெயிலில் வியர்த்திருந்தது. தகடு சுரண்டிக்கொண்டே இருந்தது. அவன் கழுத்துக் கோடு இறுகியது.

தோகுஜி வாயைத் திறந்தான். மூடினான்.

உன் புருஷன் சாக நினைக்கவில்லை, அந்தக் கயிறு என்னுடையது என்று ஒரே ஒரு பேச்சு. அதைத்தான் அவன் அவளுக்குக் கடன்பட்டிருந்தான். இன்னும் கொடுக்கவில்லை.